இரண்டிலும் நாலிலும்: ஐந்து வக்கீல்கள் ஜாஸ் கேட்கப் போன கதை

கொழிஞ்சாம்பாறைக்காரர் எப்போதும் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். வழக்குக் கட்டைப் புரட்டும்போதும் சரி, வழக்கு கூப்பிடக் காத்திருக்கும்போதும் சரி, சீனியர் திட்டும்போதும் சரி. பாலக்காட்டுச் சித்தூர் கோர்ட்டில் வக்கீல்கள் உட்காரும் பார் ரூமில் இருக்கிற பழைய மர மேஜைக்கு அவர் விரல் நன்றாகப் பழக்கம். பத்து வயதிலிருந்து பதினெட்டு வரை மிருதங்கம் படித்தவர். சட்டக் கல்லூரியில் சேர்ந்ததோடு அதை விட்டுவிட்டார். விட்டு இருபத்தாறு வருஷம் ஆகிறது. விரல் மட்டும் விடவில்லை.

ஃபோர்ட் கொச்சியில் இரண்டு நாள் ஜாஸ் விழா நடக்கப்போகிறது என்று ஜூனியர் தம்பி போனில் காட்டினான். "போலாமா?" என்று முதலில் கேட்டவர் கொழிஞ்சாம்பாறைக்காரர்தான். எங்களில் யாரும் அதுவரை ஜாஸ் கச்சேரியை நேரில் கேட்டதில்லை. தேதியைப் பார்த்தோம். இரண்டாம் சனியும் ஞாயிறும். கோர்ட் இல்லை. சீனியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நானும் வரேன்பா" என்றார். அவருக்கு வயது அறுபத்திரண்டு. வேலந்தாவளத்து அக்கா, தம்பி, நான் என்று ஐந்து பேர் சேர்ந்துவிட்டோம்.

இதில் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது ஒன்று உண்டு. இருபது வருஷமாக நாங்கள் ஒன்றாகத்தான் உட்காருகிறோம். துக்க வீட்டுக்கு, கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு, பார் தேர்தலுக்கு, எர்ணாகுளம் ஹைகோர்ட்டுக்கு என்று சேர்ந்து போயிருக்கிறோம். ஒரு காரியமும் இல்லாமல், கேட்டு மகிழ மட்டும், ஒரே காரில் ஏறிப் போனதே இல்லை. போய் வந்தபின் தோன்றுகிறது, இதை முன்பே செய்திருக்க வேண்டும். போக நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் தயாரிப்பு. ஜாஸ் புரியாது என்று ஒதுங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தெரியாத இசையைக் கேட்கப் போகும்போது தெரிந்த ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு போங்கள். பாலக்காட்டுக்காரர்களான எங்களுக்கு அது தாளம். செம்பை வைத்தியநாத பாகவதர் பாடிய மண் இது. பாலக்காடு மணி ஐயர் பெயரைச் சொல்லி மிருதங்கம் படிக்கிற பிள்ளைகள் இன்றும் எங்கள் பக்கத்து அக்ரஹாரங்களில் இருக்கிறார்கள். கச்சேரிக்குப் போகாதவர்களுக்குக்கூட ஆதி தாளம் போடத் தெரியும்.

அதை வைத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர் ஒரு வெள்ளைத் தாளில் எங்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஜாஸில் ஒரு 'பார்' என்றால் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கை. பழைய ஜாஸ் பாட்டுகளில் நிறைய 32 பார் கொண்டவை. அதாவது 128 எண்ணிக்கை. ஆதி தாளத்தின் ஒரு சுற்று, அதாவது ஒரு ஆவர்த்தனம், எட்டு எண்ணிக்கை என்பதால் நம் கணக்கில் 16 ஆவர்த்தனம். அந்த 32 பாரும் எட்டு எட்டாக நான்கு துண்டு. முதல் துண்டு ஒரு மெட்டு, இரண்டாவது அதே மெட்டு, மூன்றாவது வேறு மெட்டு, நான்காவதில் திரும்ப முதல் மெட்டு. துண்டுக்கு நான்கு ஆவர்த்தனம். ப்ளூஸ் என்றால் 12 பார், ஆறு ஆவர்த்தனத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

எல்லோரும் சேர்ந்து முதலில் மெட்டை ஒருமுறை வாசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராக அதே சுற்றின் மேல் தங்கள் கற்பனையை வாசிப்பார்கள். கடைசியில் எல்லோரும் மெட்டுக்குத் திரும்பி முடிப்பார்கள். பல்லவியைப் பிடித்து, கற்பனைஸ்வரம் பாடி, பல்லவிக்கே திரும்புவது நமக்குப் பழகிய வழிதானே. மெட்டு காதில் விழாதபோதும் அடியில் சுற்று ஓடிக்கொண்டேதான் இருக்கும். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும், ஏதோ தோன்றியபடி வாசிக்கிறார்கள் என்ற எண்ணம் போய்விடும். இரண்டு வாரம் தினமும் கோர்ட்டுக்குப் போகும் வழியில் காரில் ஒரு பாட்டைப் போட்டு, தொடையில் தாளம் போட்டு, 16 ஆவர்த்தனம் எண்ணிப் பழகினேன். நான்காம் நாள்தான் சுற்று சரியாக முடியும் இடத்தில் என் கையும் முடிந்தது. அன்றைக்கு வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டாவது தயாரிப்பு கோர்ட் சம்பந்தப்பட்டது. விழாவை ஒட்டிய வெள்ளிக்கும் திங்களுக்கும் சாட்சி விசாரணை வைத்துக்கொள்ளாதீர்கள். நான் ஒரு மாதம் முன்பே டைரியில் அந்த இரண்டு நாளையும் அடைத்துவிட்டேன். அக்கா அப்படிச் செய்யவில்லை. திங்கள்கிழமை குறுக்கு விசாரணை இருந்ததால் வழக்குக் கட்டைக் காரிலேயே கொண்டுவந்தார், சனிக்கிழமை மத்தியானம் வரை அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். கொல்லங்கோடு, நெம்மாறை வழியாக வடக்கஞ்சேரி போய் ஹைவே பிடித்தோம். குதிரானில் முன்பெல்லாம் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். 2021-இல் சுரங்கப் பாதை திறந்தபிறகு அந்தக் கஷ்டம் குறைந்துவிட்டது. அன்றைக்கு வண்டி நிற்கவே இல்லை. சுரங்கத்துக்குள் நுழையும்போது சீனியர் ஒரு விதி போட்டார். இந்தப் பக்கம் வந்தபிறகு யாராவது வழக்கைப் பற்றிப் பேசினால் ஐம்பது ரூபாய் அபராதம், கேஷியர் அக்கா. திருச்சூர் வருவதற்குள் சீனியரே இருநூறு கட்டிவிட்டார். எங்களுக்கு வேறு பேச்சே வரவில்லை. பேச்சு தேடித் தேடி, அங்கமாலி தாண்டியபிறகுதான் அக்கா தன் அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகு செய்தவர், துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார், எழுதப் படிக்கத் தெரியாது, மகளை வக்கீலாக்கினார். இருபது வருஷத்தில் இது எனக்குத் தெரியாது.

எர்ணாகுளத்தில் காரை நிறுத்திவிட்டு ஹைகோர்ட் பக்கத்திலிருந்து வாட்டர் மெட்ரோ படகில் ஃபோர்ட் கொச்சி போனோம். அந்த இடத்துக்கு நாங்கள் எத்தனையோ முறை கறுப்புக் கோட்டோடு, அவசர மனுவோடு ஓடி வந்திருக்கிறோம். ஹைகோர்ட்டுக்கு முதுகு காட்டிக்கொண்டு படகேறியது அதுதான் முதல் தடவை. ஒன்று கவனியுங்கள். இரவுக் கச்சேரி முடியும் நேரத்துக்குப் படகு இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கடைசிப் படகு எப்போது என்று போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்தக் கரையிலேயே தங்குங்கள்.

தங்கும் விஷயத்தில் எங்களுக்கு அடி விழுந்தது. போனில் பேசி, ஒரு விடுதியில் மூன்று அறை உறுதி என்று சொல்லியிருந்தார்கள். போய் நின்றால் அறை வேறு ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது. கையில் ரசீதும் இல்லை, ஒரு செய்திகூட இல்லை. தம்பி நோட்டீஸ் அனுப்பலாம் என்று கிளம்பினான். சீனியர் அவன் தோளில் கை வைத்து, "இன்னைக்கு வேண்டாம்டா தம்பி, நாம பாட்டு கேக்க வந்திருக்கோம்" என்றார். மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டு மாடி கிடைத்தது. விழா நாளில் கொச்சியில் அறை வேண்டுமென்றால் முன்பணம் கட்டி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கொசுவுக்கும் ஏதாவது எடுத்துப் போங்கள். கொச்சிக் கொசுவைப் பற்றி அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

புறப்படும்முன் தம்பிக்கு ஒரு ஆசை. எல்லோரும் வக்கீல்கள் கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டையை, அதாவது பேண்டை, கட்டிக்கொண்டு மேடை முன்னால் ஒரு போட்டோ எடுக்கலாம், நன்றாக இருக்கும் என்றான். சீனியர் மறுத்துவிட்டார். கோர்ட்டிலும் சடங்கு நிகழ்ச்சிகளிலும் தவிர பொது இடத்தில் பேண்டும் கவுனும் போடக் கூடாது என்பது பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் விதி. இளைய வக்கீல்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதோடு, உடுப்பைக் கழற்றிவிட்டு வந்த இடத்தில் எதற்கு அதை மறுபடி மாட்ட வேண்டும்? சாதாரணச் சட்டையில் எடுத்த போட்டோ இப்போது என் மேஜையில் இருக்கிறது. அதில் சீனியர் சிரிக்கிறார்.

திறந்தவெளி மேடை, கடல் காற்று. முன் வரிசையில் இடம் இருந்தும் நாங்கள் அங்கே உட்காரவில்லை. நடுவில் ஒலிக் கலவை செய்கிறவர் உட்கார்ந்திருக்கும் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவர் தன் காதுக்குச் சரியாக இருக்கும்படிதான் ஒலியை அமைப்பார், அதனால் அந்த இடத்தில்தான் எல்லா வாத்தியமும் அளவாகக் கேட்கும். பெரிய ஸ்பீக்கர் பக்கம் மட்டும் போகாதீர்கள். சீனியருக்குக் காதில் வைக்கப் பஞ்சும் எடுத்துப் போயிருந்தேன். தேவைப்படவில்லை.

முதல் குழு நால்வர். பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ், டெனார் சாக்ஸஃபோன். மெட்டு தொடங்கியதும் கொழிஞ்சாம்பாறைக்காரர் தொடையில் தாளம் போட்டார். நானும் போட்டேன். பத்து ஆவர்த்தனம் போவதற்குள் ஏதோ சரியில்லை. எண்ணிக்கை தப்பவில்லை, ஆனாலும் நாங்கள் ஒருபக்கம், மேடை ஒருபக்கம் போவது மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொச்சிக்காரப் பெரியவர் எங்கள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் குனிந்து, மெல்ல, "மோனே, ரண்டிலும் நாலிலும் அடிக்கூ" என்றார்.

அதுதான் சாவி. நமக்கு முதல் அடியில்தான் பாரம். சமத்தில் கை விழ வேண்டும் என்றுதான் சின்ன வயதிலிருந்து பழக்கம். ஜாஸில் ஒன்றும் மூன்றும் கால் ஊன்றும் இடம். இரண்டிலும் நாலிலும்தான் துள்ளல். டிரம்ஸ்காரரின் இடது காலைப் பாருங்கள். அவர் காலால் மிதிக்கிற இரட்டைத் தாளம், ஹை-ஹேட் என்பார்கள், 'ட்சிக், ட்சிக்' என்று மூடுவது அந்த இரண்டிலும் நாலிலும்தான். வலது கை பெரிய தட்டில் 'டிங்... டிங்-க டிங்' என்று விடாமல் ஓடும். பேஸ்காரர் பாருக்கு நான்கு ஸ்வரமாக நடந்துகொண்டே இருப்பார். கையை மாற்றிப் போட்டோம். உடனே உடம்பு அசைய ஆரம்பித்தது. சீனியரின் செருப்பு நுனிகூட அசைந்தது.

கொழிஞ்சாம்பாறைக்காரர் அழுததை நான் பார்த்தது அதற்கப்புறம். நான்காவது உருப்படியில் சாக்ஸும் டிரம்ஸும் நான்கு நான்கு பாராக மாறி மாறி வாசித்தார்கள். ஒருவர் நான்கு பார் பேசுவார், மற்றவர் நான்கு பாரில் பதில் சொல்வார். நான்கு பார் என்றால் சரியாக இரண்டு ஆவர்த்தனம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிப்பார்களே, அதே மாதிரி. டிரம்ஸ்காரர் தன் கடைசிப் பதிலில் ஒரு சின்ன அமைப்பை மூன்று தரம் வாசித்து முதல் அடியில் கொண்டுவந்து இறக்கினார். மிருதங்கத்தில் இப்படி முடிப்பதைத் தீர்மானம் என்போம். கொழிஞ்சாம்பாறைக்காரர், "தீர்மானம்! தீர்மானம் வெச்சிட்டான்யா!" என்று எழுந்து நின்றுவிட்டார். கண்ணில் தண்ணீர். சுற்றி இருந்தவர்களும் கைதட்டிக்கொண்டிருந்ததால் யாருக்கும் அது தெரியவில்லை.

கைதட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜாஸில் பாட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஒருவர் தன் தனியை முடித்ததும் தட்டலாம், தட்ட வேண்டும். ஆனால் அடுத்தவரின் தொடக்கத்தை மூழ்கடிக்கிற அளவு தட்டக் கூடாது. அதிலும் பேஸ் தனி. எல்லோரும் ஒலியைக் குறைத்து அந்த ஒருவருக்கு வழிவிடுகிற நேரம் அது. நம் சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காண்டீனுக்கு எழுந்து போவோமே, இங்கே பேஸ் தனி வந்ததும் பேச ஆரம்பிப்பார்கள். தயவுசெய்து பேசாதீர்கள். அன்றைக்கு அந்தப் பேஸ்காரரின் வலது கையை நான் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுட்டு விரலும் நடுவிரலும் மாறி மாறிக் கம்பியை இழுக்கின்றன, விரலின் பக்கவாட்டில் காய்ப்பு, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அந்தப் பெரிய மரக்கூடு அவர் வயிற்றோடு சேர்ந்து அதிர்கிறது.

நான் தப்பு செய்தது இரண்டாவது குழு வாசிக்கும்போது. விளம்ப காலத்தில் ஒரு பாட்டு. டிரம்ஸ்காரர் கட்டையை வைத்துவிட்டு, கம்பி விசிறி போன்ற பிரஷால் தோலை வட்டமாகத் தடவிக்கொண்டிருந்தார். "எங்கம்மா முறத்துல அரிசி புடைக்கிற சத்தம்டா" என்று சீனியர் என் காதில் சொன்னார். அந்த நேரம் என் போன் அதிர்ந்தது. பாகப்பிரிவினை வழக்குக் கட்சிக்காரர். எடுத்தேன். குரலைத் தாழ்த்தித்தான் பேசினேன், இரண்டு நிமிஷம்தான். பக்கத்துப் பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, வருத்தம். போனை வைத்தபோது பாட்டு முடிந்திருந்தது. சீனியர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். அவர் கேட்டதை நான் கேட்கவில்லை. கட்சிக்காரர் கேட்டது அடுத்த வாய்தா எப்போது என்று. அதற்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு வருகிற கட்சிக்காரர் போனில், கைது மாதிரி சில விஷயங்களைத் தவிர, திங்கள் பதினொரு மணிக்கு முன்னால் நான் செய்யக்கூடியது எதுவுமே இல்லை. கோர்ட் திறந்தால்தானே. அதனால் மறுநாள் குமாஸ்தாவிடம் சொல்லி அவர் எண்ணைக் கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். போனை மாடியிலேயே வைத்துவிட்டு வந்தேன். இதைப் போவதற்கு முதல் நாளே செய்துவிடுங்கள். குற்ற வழக்கு நடத்துகிறவர்கள் நம்பிக்கையான ஒரு சக வக்கீலிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இரவு சரியாகப் பத்து மணிக்கு ஒலி நின்றது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. வருஷத்தில் சில நாள் நள்ளிரவு வரை அரசு தளர்வு கொடுக்கலாம், எங்கள் விழாவுக்கு அது இல்லை. ஆகவே சரியான நேரத்துக்குப் போய்விடுங்கள், தாமதமாகத் தொடங்கினாலும் பின்னால் நீட்ட மாட்டார்கள். அப்புறம் பொரோட்டா, கட்டன் சாயா, சீன வலைகள் பக்கம் நடை. சீனியர் ஒரு மணி வரை தூங்கவில்லை.

ஞாயிறு மாலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு குழு 'டேக் ஃபைவ்' வாசித்தது. ஐந்து எண்ணிக்கைச் சுற்று. பியானோ தொடங்கிய மறுகணமே அக்கா, "இது கண்டம்தானே?" என்றார். அவர் இசை படித்தவர் அல்ல. கொழிஞ்சாம்பாறைக்காரர், "ஐந்துதான், ஆனா திருப்பிப் போட்டிருக்கு" என்றார். கண்ட சாபுவில் நாம் 'தக தகிட' என்று இரண்டும் மூன்றுமாகச் சொல்வோம். இது 'தகிட தக', மூன்றும் இரண்டும். ஐந்து பேரும் வாய்க்குள் 'தகிட தக, தகிட தக' என்று சொல்லிக்கொண்டே முழுப் பாட்டையும் கேட்டோம்.

அதை இயற்றியவர் பால் டெஸ்மண்ட். டேவ் புரூபெக் குழுவின் சாக்ஸ்காரர். 1959-இல் வெளிவந்த 'டைம் அவுட்' ஆல்பத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய வருஷம், 1958-இல், அந்தக் குழு இந்தியா வந்தது. சென்னையில் மிருதங்க மேதை பழநி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார்கள். அதனால்தான் இது வந்தது என்று நான் வாதாட மாட்டேன். முன்னால் நடந்தது என்பது காரணம் ஆகாது. அதே ஆல்பத்தில் உள்ள ஒன்பது எண்ணிக்கைப் பாட்டு துருக்கித் தெருவில் கேட்ட தாளத்திலிருந்து வந்தது என்று புரூபெக்கே சொல்லியிருக்கிறார். ஆனாலும் நம் மிருதங்க வித்வான் ஒருவர் அந்தக் குழுவின் டிரம்ஸ்காரரோடு பக்கத்தில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார் என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது. சாக்ஸஃபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத், ஜாஸ் கிதார்காரர் ஜான் மெக்லாஃப்லினின் சக்தி குழுவில் கடம் வாசித்த விக்கு விநாயக்ராம் என்று அந்த வழி தொடர்ந்து வந்திருக்கிறது. ஜாஸ் நமக்கு அந்நியம் என்று இனி யாராவது சொன்னால் இவர்கள் பெயரைச் சொல்வேன். ஏப்ரல் 30-ஐ உலக ஜாஸ் நாளாக யுனெஸ்கோ அறிவித்திருக்கிறது. கேட்கத் தொடங்க நினைப்பவர்களுக்கு அது ஒரு நல்ல சாக்கு.

ஞாயிறு இரவே திரும்ப வேண்டாம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பத்துக்குக் கிளம்பி, கரை சுற்றிக் காரை எடுத்து, சித்தூர் சேரும்போது விடியற்காலம் மூன்று. அக்கா அந்தக் குறுக்கு விசாரணையை நல்லபடியாகத்தான் செய்தார், ஆனால் மத்தியானம் பார் ரூமில் தலைவலியோடு படுத்துவிட்டார். முடிந்தால் திங்கள் காலை ரயிலில் வாருங்கள், அல்லது அரை நாள் எடுத்துக்கொள்ளுங்கள். அபராதப் பணம் மொத்தம் அறுநூற்று ஐம்பது. குதிரான் தாண்டித் திரும்பி வரும்போது யாரும் கட்டவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை கொழிஞ்சாம்பாறைக்காரர் போன் செய்தார். "பெருவெம்பா வரைக்கும் வரியா?" என்றார். சித்தூருக்குப் பக்கத்து ஊர். செண்டை, மத்தளம், மிருதங்கம் செய்கிற குடும்பங்கள் தலைமுறையாக இருக்கிற இடம். காரின் பின் சீட்டில் பழைய போர்வையில் சுற்றி அவருடைய மிருதங்கம். பரணில் இருபத்தாறு வருஷம் கிடந்ததில் வலது பக்கமான வலந்தலையின் தோல் சுருங்கி, அதன் நடுவில் இருக்கும் கறுப்புப் பூச்சான கரணை வெடித்துப் பொடியாகியிருந்தது. வாரெல்லாம் விறைத்துப்போயிருந்தது. பலா மரக் கட்டை மட்டும் அப்படியே இருந்தது. பட்டறைக்காரர் அதைத் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்து, கட்டையை முட்டியால் தட்டிக் கேட்டு, "தடி நல்லதாணு" என்றார். புதுத் தோல் மூட்டுப் போட்டு வார் பிடிக்க ஆறு நாள் ஆனது.

வாங்கப் போன அன்று கரணையை ஒவ்வொரு பூச்சாக வைத்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்து முடித்துக்கொண்டிருந்தார். ஈரம் காய்ந்தது. கொழிஞ்சாம்பாறைக்காரர் பட்டறைத் திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இடது பக்கமான தொப்பிக்கு ரவை பிசைந்து அப்பினார். வலது கையைத் தூக்கியவர் ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்தார். அப்புறம் வாசித்தது, தகிட தக, தகிட தக.